வீரப்பனின் பிரேக் ஷூ

நான் முன்கோபி என்பது எங்கள் மலைத் தேயிலை எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த வருஷம், எழுபத்தாறில், நான் கோபப்பட்டதற்கெல்லாம் காரணம் இருந்தது. என் மகள் செல்லத்துக்கு ஒன்பதாம் மாதம். பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது, வலி எடுப்பதற்கு முன்னால் ஈப்போ ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் பண்ண வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார். மருமகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. எஸ்டேட் லோரி டிரைவர் இருளப்பனாகிய நான்தான் அவளை என் பழைய மோரிஸ் காரில், எங்கள் பேச்சில் காடியில், மலையிறக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தானா முன்சக்கர டிரம்மை அழுத்தி நிறுத்துகிற பிரேக் ஷூ தேய்ந்து கிறீச்சிட வேண்டும்?

வேறு ஷூ மாற்ற மூன்று வழி இருந்தது. பிரிஞ்சாங் கடையில் தைவான் சாமான் உடனே கிடைக்கும். போன வருஷம் அதைப் போட்டுத்தான் சீரழிந்தேன். நாலு வளைவு இறங்கியதும் கண்ணாடி மாதிரி வழுக்கும். ஒரிஜினல் வேண்டுமானால் ஈப்போவுக்குப் போய்த் தேட வேண்டும். மூன்றாவது, வீட்டு வாசலுக்கே வந்தது.

கொண்டு வந்தவள் திலகம். என் கூட்டாளி வீரப்பனின் பெண்சாதி. வீரப்பனும் என்னைப் போலவே மோரிஸ் வைத்திருந்தான். மூன்று மாதத்துக்கு முன் தாப்பா ரோட்டில், பதினாறாம் மைல் கட்டை வளைவில், காடியோடு பள்ளத்தில் விழுந்து செத்தான். தூங்கிவிட்டான் என்றார்கள் சிலர். பிரேக் இல்லாமல் ஓட்டினான் என்றார்கள் பலர். நசுங்கிய காடியை இரும்புக்காரனுக்குக் கொடுப்பதற்கு முன் முன்சக்கர ஷூக்களை மட்டும் கழற்றச் சொல்லி எடுத்து வைத்திருக்கிறாள்.

“அண்ணே, இத நீங்க வச்சுக்குங்க. அவரு ஒரிஜினல் வாங்கிப் போட்டு ஒரு மாசம்கூட ஓட்டல. செல்லம் ஏறுற காடி, நல்லா நிக்கணும்லா.”

சாக்கில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் படியிலேயே நின்றாள். என் பெண்சாதி பாஞ்சாலை அவளை உள்ளே வா என்று கூப்பிடவில்லை. செல்லத்தின் வளைகாப்புக்கும் கூப்பிடவில்லை. திலகத்தின் தலை மறைந்ததும் பாஞ்சாலை ஆரம்பித்தாள்.

“செத்தவன் காடி சாமான என் பொண்ணு ஏறுற காடியில மாட்டுவீங்களா? அதுவும் தாலி அறுத்தவ கையால வாங்கி?”

“இரும்புக்கு என்னடி தீட்டு?”

“தீட்டோ இல்லையோ, அவன் உயிர எடுத்த சாமான்தானே அது! கொண்டு போயிக் குடுத்துட்டு வாங்க.”

நான் கத்தினேன். அவள் அழுதாள். கத்துகிறவன் அழுகிறவளிடம் ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை. அவள் கடைசியாகச் சொன்னது எனக்கும் உறைத்தது, அதுதான் உண்மை. பிரேக் பிடிக்காமல்தான் விழுந்தான் என்றால்? ஆனால் திலகத்தின் முகத்தைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. சாக்கு மூட்டையை டிக்கியில், ஸ்பேர் டயருக்கு அடியில் தள்ளிவிட்டேன். திருப்பிக் கொடுத்தாயிற்று என்று பாஞ்சாலையிடம் பொய் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு, திரிங்காப்பிலிருந்து கோபிஸ், அதான் முட்டைக்கோஸ், ஏற்றிப் போகிற லோரியில் தொற்றிக்கொண்டு ஈப்போ போனேன். கடை கடையாக ஏறி இறங்கி ஒரிஜினல் நாலும் வாங்கி வந்தேன். மறுநாள் மாட்ட உட்கார்ந்தபோது பாஞ்சாலை பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். சாமி முன்னால் வைத்துத்தான் தருவாளாம். எங்கள் லைன் வீடுகளில் அது வழக்கம்தான், புதுக் கவாத்துக் கத்தி வந்தால்கூட முனியாண்டி படத்துக்கு முன்னால் வைத்த பிறகுதான் கையில் எடுப்போம். சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். பத்து நிமிஷத்தில் சுத்தமாகத் துடைத்துக் கொண்டு வந்து கொடுத்தாள். மாட்டினேன். லைன் ரோட்டில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். நன்றாக நின்றது.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பின் சீட்டில் தாயும் மகளும். ரிங்லெட் தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. நாலைந்து வளைவு ஒன்றும் தெரியவில்லை. ஆறாவது வளைவில் பிரேக்கை மிதித்ததும் காடி வலப்பக்கம் இழுத்தது. வலப்பக்கம் பள்ளம். ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடித்தேன். அடுத்த வளைவில் இன்னும் அதிகமாக இழுத்தது, மூங்கில் ஏற்றி வந்த லோரிக்காரன் ஹாரனை அலறவிட்டு ஒரு முழத்தில் தப்பினான்.

“பாவிப்பய! டூப்ளிகேட்ட ஒரிஜினல் பெட்டியில போட்டு ஏமாத்திட்டான்!” ஈப்போ கடைக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்தேன்.

“அப்பா...” என்றாள் செல்லம். குரலே சரியில்லை. “அப்பா, வலிக்குது.”

கியரைக் குறைத்தேன். எஞ்சின் அலறியது. ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, இடப்பக்க மண் சுவரில் மட்கார்டை உரசவிட்டு, எப்படியோ நிறுத்தினேன். பத்தொன்பதாம் கட்டை. ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஈப்போவுக்கு இன்னும் பாதி வழிக்கு மேல் கிடந்தது.

வலப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஜாக்கி வைத்து இடது சக்கரத்தைக் கழற்றினேன். டிரம்மை இழுத்ததும் மூக்கில் ஏறியது வாசனை. கருகிய நல்லெண்ணெய்! சூடேறியதும் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து, இரண்டு ஷூவும் பளபளத்தன.

பாஞ்சாலையை நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“என்னடி பண்ணின?”

“கவாத்துக் கத்திக்குத் தடவுற மாதிரிதாங்க... மேல இருந்த ரெண்டுக்கும் சந்தனம் வச்சு, எண்ண தடவி... நீங்க ஏசுவீங்கன்னு முந்தானையால தொடச்சுட்டேன்.”

முப்பது வருஷம் கத்திக்கு எண்ணெய் தடவிய கை. கத்திக்கு எண்ணெய் நல்லது, பிரேக்குக்கு எமன் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நான் சொன்னேனா? அந்த நியாயமெல்லாம் பிறகு தோன்றியது. அப்போது ஆத்திரம் கண்ணை மறைத்தது. இரண்டு ஷூவையும் கழற்றிப் பள்ளத்தில் வீசினேன்.

வீசிய பிறகுதான் புத்தி வந்தது. செல்லம் சீட்டைப் பிறாண்டிக்கொண்டு முனகினாள்.

“டிக்கியில வீரப்பனோட ஷூ இருக்கு. நான் திருப்பிக் குடுக்கல,” என்றேன் பாஞ்சாலையிடம். அவள் ஒரு கூப்பாடு போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கே அதைத் தொடப் பயம். அவன் உயிரை எடுத்த சாமான் என்று இவள் சொன்னது காதிலேயே நின்றது.

பாஞ்சாலை டிக்கியைத் திறந்து, டயரை நகர்த்தி, சாக்கை எடுத்தாள். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். இரண்டு ஷூவை எடுத்து என் கையில் வைத்தாள்.

“மாட்டுங்க.”

“பாஞ்சால...”

“மாட்டுங்கன்னா மாட்டுங்க! எம்புள்ள செத்துருவா!”

ஷூவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கனம் குறையவில்லை. ஒரே சீராகத் தேய்ந்திருந்தது. எண்ணெய்க் கறை ஒரு சொட்டு இல்லை. வீரப்பன் கஞ்சன்தான், ஆனால் பிரேக்கில் கஞ்சத்தனம் பண்ணியதில்லை. பெட்ரோலில் துணி நனைத்து டிரம்மைத் துடைத்தேன், ஷூவை மாட்டினேன், ஸ்பிரிங் கிழித்து விரலில் ரத்தம் வந்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது.

மறுபடி இறங்கினோம். முதல் வளைவில் காலை வைக்கவே பயமாக இருந்தது. வைத்தேன், பிடித்தது. இரண்டாவதிலும் பிடித்தது. பின்னால் செல்லம் அலறிக்கொண்டிருந்தாள், வேகமாகப் போகவும் முடியாது, மெதுவாகப் போகவும் முடியாது. பதினாறாம் கட்டை வந்தது. வீரப்பன் காடி மோதி உடைந்த தடுப்புக் கல்லை இன்னும் மாற்றவில்லை. அந்த வளைவில் நடுரோட்டில் பாறையும் மண்ணுமாகச் சரிந்து கிடந்தது. முழுப் பலத்தையும் காலில் போட்டு மிதித்தேன்.

காடி நேராக நின்றது. மண்குவியலுக்கு நாலடி இப்பால்.

“டேய் வீரப்பா!” என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். ஓரமாக ஒதுங்கி, ஊர்ந்து தாண்டி, ஈப்போ ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் நிறுத்தினேன். அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இன்னும் அரைமணி நேரம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் டாக்டர். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

முப்பதாம் நாள் தொட்டிலில் போட ஏற்பாடாயிற்று. முதல் அழைப்புக்கு பாஞ்சாலை வெற்றிலைத் தட்டோடு திலகம் வீட்டுக்குத்தான் நடந்தாள். நானும் பின்னால் போனேன். தட்டைப் பார்த்ததும் திலகம் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

“வேணாம்க்கா. நல்ல காரியம். நான் வரக்கூடாது.”

“நான் பண்ணினது தப்பு, திலகம். நீ குடுத்ததாலதான் எங்க வீட்டுல தொட்டில் ஆடப்போவுது. புள்ளைய நீதான் தூக்கிப் போடணும். வரலேன்னா தொட்டிலே கட்ட மாட்டேன்.”

திலகம் தட்டைத் தொடவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, உண்மையச் சொல்லுங்க. அவரு பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சா? பிரேக் இல்லாம ஓட்டினான், தானாப் போயிச் செத்தான்னு ஊரே சொல்லுதே.”

“அவன் விழுந்த அதே வளைவுல நின்னுச்சும்மா,” என்றேன். “நாலடி மிச்சம் வச்சு நின்னுச்சு.”

நாலு மாதமாக யார் முன்னாலும் அழாதவள், வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பாஞ்சாலை தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.