எண்ணெய்த் தட்டில் விழுந்த துண்டு

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை மோப்பக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்த புண்ணியவான் பம்ப்பண்ணன். துகள் முடுக்கியையும் அதன் வெற்றிடப் பம்புகளையும் கட்டி மேய்க்கிறவர். ஓர் உலோகத் துண்டுக்குள் துளியூண்டு அந்நியச் சரக்கு ஒளிந்திருந்தாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்பதால் அந்தப் பட்டம். வீட்டில் பால் தீய்ந்தால் கடைசியாகத் தெரிவது அவளுக்குத்தான். அது வேறு கதை.

அப்பேர்ப்பட்டவள் கொஞ்ச காலமாகத் தன் தம்பியின் முகத்தையே பார்ப்பதில்லை. அவன் எதிரே வந்து உட்கார்ந்தால் கண் நேராக அவன் இடது காலுக்குப் போய்விடும்.

"அக்கா, என் மூஞ்சி மேல இருக்கு. அங்க என்ன பாக்கற?"

"ஒண்ணும் இல்லடா. வலி ஏதும் இருக்கா?"

"வலிச்சா சொல்ல மாட்டேனா? அடுத்த வாரம் டூட்டியில சேரப் போறேன். வீட்ல உக்காந்து உக்காந்து பைத்தியம் பிடிக்குது."

அவன் பேருந்து ஓட்டுநர். பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவனுக்கு உள்ளே ஒரு டைட்டேனியம் கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். எலும்பு இன்னும் முழுசாகக் கூடவில்லை. பாரத்தையெல்லாம் அந்தக் கம்பிதான் தாங்குகிறது. அதே கம்பெனி ஒரே சமயத்தில் செய்த அதே தொகுதிக் கம்பி வேறு மூன்று பேரின் காலுக்குள் ஒடிந்திருந்தது. அதில் ஒரு பெண்மணி மாடிப்படியில் இறங்கும்போது ஒடிந்து, உருண்டு, இன்றுவரை எழுந்து நடக்கவில்லை. தம்பிக்கு அது கிளட்ச் மிதிக்கிற கால். பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது அது ஒடிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே அவள் கண் மறுபடி அவன் காலுக்குப் போய்விடும்.

எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். மருத்துவமனையில் கேட்டாள். "உடையாத கம்பிக்காக ஒருத்தர் காலைத் திறக்க முடியாதும்மா, ஆதாரம் கொண்டு வாங்க" என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஆதாரம் என்பது ஹைட்ரஜன். உருவாக்கும்போது அது டைட்டேனியத்துக்குள் அளவுக்கு மேல் புகுந்துவிட்டால், பார்க்க எஃகு போல இருக்கும் கம்பி உள்ளுக்குள் சாக்பீஸ் போல நொறுங்குகிறதாக ஆகிவிடும். கம்பிகள் ஒடிந்ததை விசாரிக்க வைத்த குழு ஏற்கெனவே உடைந்த துண்டுகளை உருக்கி வாயுவை அளந்து பார்த்தது. ஹைட்ரஜன் எக்கச்சக்கமாக வந்தது. கம்பெனி அசரவில்லை. "எடுக்கும்போது கை பட்ட எண்ணெய்ப் பிசுக்கு. எண்ணெயில் இல்லாத ஹைட்ரஜனா?" என்று ஒரே போடாகப் போட்டது. உருக்கியதை மறுபடி அளக்கவா முடியும்? மிஞ்சியது நகத்தளவு ஒரே ஒரு துண்டு. அதுதான் மோப்பக்காரியிடம் வந்தது.

தன் தம்பி காலிலும் அதே கம்பி இருக்கிறது என்பதை அவள் முதல் நாளே குழுத் தலைவியிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் ஓய்வுபெற்ற நீதிபதி. "அப்படின்னா கம்பெனி ஆளும் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணையும் பாக்கட்டும்" என்று முடித்துவிட்டார். வந்து உட்கார்ந்தவருக்குப் பம்ப்பண்ணன் கோட்டு என்று பெயர் வைத்தார். மின்விசிறி கூட ஓடாத கூடத்திலும் அந்த மனிதர் கோட்டைக் கழற்றவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கவென்று தன் கம்பெனியின் குறையில்லாத கம்பியிலிருந்து வெட்டிய ஒரு துண்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

வேலை இதுதான். லித்தியம் அயனிகளை முடுக்கியில் விரட்டி வேகமூட்டித் துண்டின் மேல் பாய்ச்ச வேண்டும். வேகத்தைப் பார்த்து வைத்தால் கனத்த டைட்டேனியம் அணுக்கள் அவற்றைப் பெரும்பாலும் கிட்டவே அண்ட விடாது. பாவம், ஹைட்ரஜனுக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதில் மோதிய லித்தியம் கதிரியக்கப் பெரிலியமாக மாறி, உலோகத்துக்குள்ளேயே புதைந்து, வாரக்கணக்கில் காமாக் கதிர் விட்டுக்கொண்டிருக்கும். அந்தக் கதிரை எண்ணினால் ஹைட்ரஜன் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இரண்டு துண்டுகளையும் கோட்டின் கண் முன்னால் அமிலத்தில் கழுவினாள். இரண்டுக்கும் ஒரே அளவு அயனி பாய்ந்தது. அதுவரை எல்லாம் நூல் பிடித்தாற்போல நடந்தது. மற்ற சில்லறைக் கதிர்கள் அடங்கட்டும் என்று இரண்டு நாள் விட்டு, துண்டுகளை எண்ணும் கருவிக்குக் கொண்டுபோகும் நாளில் குழுத் தலைவியும் பார்க்க வந்து நின்றார். அன்றுதான் வந்தது வினை.

நீதிபதி பார்க்கிறாரே என்ற பதற்றத்தில் பம்ப்பண்ணன் இடுக்கியைச் சரியாகப் பிடிக்கவில்லை. அதிலிருந்து நழுவிய உடைந்த கம்பியின் துண்டு, தரையில் விழுந்திருந்தாலாவது பரவாயில்லை. பம்பின் அடியில் ஒழுகலைப் பிடிக்க வைத்திருந்த எண்ணெய்த் தட்டில் பொட்டென்று விழுந்து முங்கியது.

பம்ப்பண்ணன் பேயறைந்தவர் போல நின்றார். அவர் வாழ்நாள் முழுக்க ஒரு பொட்டு எண்ணெய் துண்டில் படாமல் காத்தவர். எண்ணெய் என்றால் எல்லாம் போச்சு என்று அவளுக்கும் இத்தனை வருடப் பழக்கம் உள்ளுக்குள் அலறியது. தம்பியின் இடது கால் கண் முன்னால் வந்து போனது.

"முடிஞ்சுதும்மா" என்றார் கோட்டு, தலைவியைப் பார்த்து. குரலில் கொஞ்சம் பரிதாபம் கூட இருந்தது. "இனிமே இது சாட்சி இல்ல. இதுல எவ்வளவு ஹைட்ரஜன் வந்தாலும் எண்ணெய்ன்னுதான் நான் சொல்லுவேன்."

"தங்கச்சி, என்ன மன்னிச்சிரும்மா" என்றார் பம்ப்பண்ணன். கண் கலங்கிவிட்டது.

அவள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அழுகை முற்றிச் சிரிப்பாகிவிட்டதோ என்று தலைவி பயந்துபோனார்.

"அண்ணே, அத அப்படியே எடுங்க. துடைக்காதீங்க, எண்ணெயோடவே வரட்டும்" என்றாள். கோட்டின் பக்கம் திரும்பினாள். "சார், நாம எண்ணப் போறது ஹைட்ரஜன இல்ல. லித்தியம் பீம் அடிச்ச நேரத்துல பிறந்த பெரிலியத்த. பீம் நின்னு ரெண்டு நாள் ஆச்சு. அதுக்கப்புறம் வந்து ஒட்டின ஹைட்ரஜன் வாயே திறக்காது. எண்ணெயில போடுங்க, சேத்துல போடுங்க, கருவிக்குத் தெரியவே தெரியாது."

"அது நீங்க சொல்றது, மேடம்."

"நான் சொல்றத நம்பவே வேணாம். உங்க துண்டும் அதே பீம்லதான் இருந்துச்சு. அதையும் இதே எண்ணெயில நீங்களே உங்க கையால முக்குங்க. எண்ணெய்தான் கத்துதுன்னா உங்க துண்டும் கத்தணும்ல?"

கோட்டு தன் துண்டைப் பார்த்தார், எண்ணெய்த் தட்டைப் பார்த்தார். தலைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பிக்க வழியில்லை. கையுறை மாட்டி, இடுக்கியால் தன் துண்டைப் பிடித்து, தட்டில் நன்றாகப் புரட்டி எடுத்தார். குனிந்த வேகத்தில் அவர் போட்டிருந்த கோட்டின் முனையும் எண்ணெயில் தோய்ந்தது. பம்ப்பண்ணன் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

முதலில் உடைந்த கம்பியின் துண்டு. திரையில் பெரிலியத்துக்கு உரிய இடத்தில் ஒரு மேடு முளைத்து, வளர்ந்து, உச்சியைத் தொட்டது. பிறகு அதைக் கழுவித் துடைத்து மறுபடி வைத்தார்கள். மேடு அசையவில்லை. அடுத்தது கோட்டின் துண்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட. எல்லோரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். திரை ஓரமாக ஏதோ சிறு முணுமுணுப்பு, அவ்வளவுதான். பெரிலியத்துக்கு உரிய இடம் வழித்துவிட்ட மாதிரி இருந்தது.

கோட்டின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அவரும் படித்த விஞ்ஞானிதானே. கணக்கைத் தானே போட்டுப் பார்த்தார். இன்னொரு முறையும் போட்டார். முதல் தடவையாகக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"அனுமதிச்ச அளவைவிட நாலு மடங்கு ஹைட்ரஜன்" என்றார், தலைவியிடம். "எண்ணெய் இல்ல. உலோகத்துக்குள்ள இருக்கு. நானே எழுதிக் கையெழுத்துப் போடறேன்."

பம்ப்பண்ணன் மோப்பக்காரியின் தோளைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் அவள் கண்ணாடி கீழே விழுந்தது. அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து அந்தக் கூடம் பார்த்ததே இல்லை. ஜெயித்துவிட்டாள், சந்தேகமே இல்லை. பக்கத்து அறைக்காரர்கள் கூட என்ன கூத்து என்று எட்டிப் பார்த்தார்கள்.

அந்த வாரமே அந்தத் தொகுதிக் கம்பி வைத்த எல்லோருக்கும் மருத்துவமனைகளிலிருந்து அழைப்பு போனது. டூட்டியில் சேர ஒற்றைக்காலில் நின்ற தம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாள். அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டர் ஒரு தட்டை நீட்டினார். கம்பி இரண்டாகக் கிடந்தது.

"திருகு ஓட்டை பக்கத்துல பாதிக்கு மேல விரிசல் விட்டிருந்துச்சும்மா. வெளிய எடுத்துத் தட்டுல வெச்சேன், இப்படி ஆயிருச்சு. உங்க தம்பிக்கு நல்ல நேரம்."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்த பிறகு அந்தத் துண்டுகளை ஆய்வுக்கூடத்துக்குத் தர முடியுமா என்று கேட்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புதுக் கம்பியோடு தம்பி மறுபடி பேருந்தில் ஏறிய நாளில், அவளும் ஏறி அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். அவன் இடது காலால் கிளட்சை வேண்டுமென்றே ஓங்கி மிதித்தான். வண்டி குலுங்கிக் கிளம்பியது. ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான்.

"என்னக்கா, இன்னும் காலைத்தான் பாக்கறியா?"

"இல்லடா" என்றாள் அவள். "மூஞ்சியத்தான் பாக்கறேன். ஷேவ் பண்ணவே இல்லையே நீ."