கொசுறாக வந்த கம்பி

கஸ்பாருக்கு மெட்டாடர் வேனில் ஓர் இடம் உண்டு. டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோரம். எட்டு வருடமாக அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. தர்மபுரியில் 'தேன்சிட்டு இன்னிசைக் குழு' என்றால் அப்துல் சுபான் பாயும் அவருடைய ஏழு ஆட்களும். அந்த ஏழு பேரில் பேஸ் கிட்டார் வாசிப்பவன் கஸ்பார். காலையில் பால் சங்கத்தில் பால் அளப்பான். சாயந்திரம் யார் வீட்டுக் கல்யாண மேடையிலாவது நாலு கம்பிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்வரிசையில் நிற்பான். பேஸ் வாசிப்பவனை எந்த ஊரிலும் யாரும் பார்ப்பதில்லை. தப்பித் தவறிப் பார்த்தவர்களும், பாவம், ரெண்டு கம்பி அறுந்து போச்சு போல என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்கெல்லாம் அவன் வருத்தப்பட்டதே இல்லை. ஜன்னலோர இடம் இருந்ததே, அது போதும்.

எண்பத்தொன்பதாம் வருடம் தை மாதம் அந்த இடத்துக்கு ஆபத்து வந்தது. பாயின் தங்கை மகன் உசேன், இரண்டு வருடம் மெட்ராஸில் இருந்துவிட்டு, ஒரு கீபோர்டோடு வந்து இறங்கினான். வலது கையில் பாட்டு, இடது கையில் பேஸ். கீபோர்டுக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை வேனில் எங்கே வைத்தாலும் இடித்தது, ஓர் இடத்தைத் தவிர.

"கஸ்பாரு, மனசுல வெச்சுக்காத," என்றார் பாய். "உசேனு எடது கையிலயே உன் வேலைய முடிச்சிடறான். பெட்டி வேற நீட்டமா இருக்குது. வேன்ல எடம் இல்லப்பா. பங்குனில அதியமான்கோட்டக் கச்சேரி இருக்குதில்ல, அது வரைக்கும் வா. அப்புறம் பாக்கலாம்."

பெரிய மனிதர்கள் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று பால் சங்கத்து எருமைக்குக்கூடத் தெரியும்.

வீட்டுக்கு வந்து கஸ்பார் இதைச் சொன்னபோது பாக்கியமேரி ராகி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடை நின்றது.

"வேன்ல எடம் இல்லன்னுட்டாருங்களா?"

"ஆமா."

"எனக்கு அது எட்டு வருசப் பழைய சேதி. உங்களுக்கு இப்பத்தான் வந்து சேந்திருக்குது," என்றாள். சல்லடை மறுபடியும் ஆடத் தொடங்கியது.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கல்யாணமான புதிதில் "நீங்க வாசிக்கறத ஒரு தடவ பாக்கணுங்க" என்று கேட்டாள். வேனில் இடம் இல்லை என்றான். அடுத்த வருடமும் கேட்டாள், அதே பதில். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். கஸ்பார் அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்தான். ஆண்பிள்ளைகள் இப்படித்தான் நிம்மதியாகக் காலம் தள்ளுகிறார்கள்.

மூன்று நாள் யோசித்துக் கஸ்பார் ஒரு முடிவுக்கு வந்தான். உசேனுடைய கீபோர்டு இடப்பக்கம் கடைசிக் கட்டை வரைக்கும்தான் போகும். தன்னுடைய நாலு கம்பியும் ஏறக்குறைய அவ்வளவுதான் இறங்கும். அதற்கும் கீழே, கிணற்றுக்குள் கிணறு வெட்டியது போல, இறங்குகிற கிட்டார் ஒன்று இருக்கிறது. அஞ்சு கம்பி, ஆறு கம்பி என்று பெங்களூர் ஹோட்டல்களில் வந்துவிட்டதாகக் கேள்வி. அதில் ஒன்றை வாங்கிவிட்டால் உசேனின் இடது கை சும்மா கிடக்க வேண்டியதுதான்.

ஓசூரில் வெங்கடாசலம் என்று ஒருவர் இருந்தார். பெங்களூர் ஹோட்டலில் இருபது வருடம் வாசித்துவிட்டு, வெளிநாட்டு வாத்தியங்களை வாங்கி விற்றுக்கொண்டு வீட்டோடு இருந்தார். கஸ்பார் தன் நாலு கம்பிக் கிட்டாரைச் சர்ச் பாட்டுக்குழுவுக்கு விற்றான். மீதிக்குப் பாக்கியமேரியின் மூன்று ஆடுகளில் இரண்டு பென்னாகரம் சந்தைக்குப் போயின.

"ஆடு என்னுது. நானும் வருவன்," என்றாள் அவள். பஸ்ஸில் இடம் இல்லை என்று சொல்ல முடியாது. கூட்டிக்கொண்டு போனான்.

வெங்கடாசலம் இரண்டு கிட்டார்களை எடுத்துக் கட்டிலில் வைத்தார். ஒன்று அஞ்சு கம்பி, கறுப்பு. விலை மூவாயிரத்து எண்ணூறு. இன்னொன்று ஆறு கம்பி, தேன் நிறம், கழுத்து கை அகலம். நாலாயிரத்து இருநூறு. கஸ்பார் கறுப்பை எடுத்துத் தடிக் கம்பியைத் தட்டினான். சத்தம் சேற்றில் கல் போட்டது போலத் தொளக்கென்று விழுந்தது. தேன் நிறத்தை எடுத்துத் தட்டினான். கட்டிலுக்கு அடியில் இருந்த பித்தளைச் செம்பு கிணுகிணுத்தது. திரும்பவும் கறுப்பு, திரும்பவும் தேன். ஒரு மணி நேரம் இப்படியே போனது. பாக்கியமேரி வீட்டுக்கார அம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

"கழுத்து எதுல நேரா இருக்குது, மரம் எதுல கனம், எல்லாம் நீங்களே பாத்துட்டீங்க," என்றார் வெங்கடாசலம். "ஆறு கம்பிதான் உங்க கைக்கு."

கையில் இருந்தது நாலாயிரம்தான். அப்போதுதான் கஸ்பாருக்கு அந்த யோசனை வந்தது. தன் வாழ்நாளில் இவ்வளவு புத்திசாலித்தனமாகத் தான் எதையும் பேசியதில்லை என்றுகூட நினைத்துக்கொண்டான்.

"எனக்கு வேண்டியது இந்தக் கீழ்க் கம்பிதாங்க. மேல இருக்குது பாருங்க, இந்த மெல்லிசுக் கம்பி, இது எனக்கு ஆகாது. இதக் கழட்டிட்டு, அதுக்குண்டான காசக் கழிச்சுக்கங்க."

வெங்கடாசலம் அவனையே பார்த்தார். "அண்ணா, ஆடு வாங்கப் போனா வால் வேணாம், வெலயக் கொறங்கன்னு கேப்பீங்களா?"

"எங்கூட்டுக்காரர் கேப்பாருங்க," என்றாள் பாக்கியமேரி.

மனிதர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆகட்டும், சொல்ப நானும் அட்ஜஸ்ட் பண்ணிக்கறன்," என்று பாதிக் கன்னடத்தில் சொல்லி, அந்தக் கம்பியைக் கழற்றிச் சுருட்டிக் கட்டிலில் போட்டார். நாலாயிரத்துக்கு வியாபாரம் முடிந்தது. கஸ்பார் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டான். பாக்கியமேரி வரவில்லை.

"ஏங்க, இவ்வளவு பெரிய வியாபாரம் பண்ணியிருக்கறம். கொசுறு ஒண்ணும் இல்லீங்களா?"

"கொசுறா? இது என்ன கத்திரிக்காயா தாயி?"

"கத்திரிக்காய்க்கே கருவேப்பில தர்றாங்க. ரெண்டு ஆடுங்க."

வெங்கடாசலம் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கொடுக்கும்படி ஒன்றும் அகப்படவில்லை. கட்டிலில் கிடந்த கம்பிச் சுருளை எடுத்து அவள் கையில் வைத்தார். புருஷன் விலையில் கழித்ததை, பெண்டாட்டி கொசுறாக வாங்கிக்கொண்டு வந்தாள். கஸ்பாருக்கு இது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. தொப்பூர் கணவாய் தாண்டி வெளியூர் போனால்தான் பெரிய வியாபாரிகள் இருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் பென்னாகரம் சந்தைக்குப் போனதே இல்லை.

வீட்டில் அந்தக் கம்பியால் வேளாங்கண்ணி மாதா படத்தை ஆணியில் மாட்டினாள். முன்பிருந்த சணல் கயிறு இற்றுப்போயிருந்தது.

மாசியில் பென்னாகரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. புதுக் கிட்டாரோடு கஸ்பார் மேடை ஏறினான். ரேடியோ செட் என்கிற மைக் செட் காசிம் பாயுடையது. பந்தலின் நாலு மூலைக்கும் நாலு கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருந்தார். கஸ்பார் தடிக் கம்பியை விட்டு மேலே ஏறவே இல்லை. பாட்டு எங்கே போனாலும் இவன் பாதாளத்திலேயே இருந்தான். உசேன் இன்று தொலைந்தான் என்று ஒவ்வொரு தட்டுக்கும் நினைத்துக்கொண்டான். பாதிக் கச்சேரியில் மாப்பிள்ளையின் சித்தப்பா மேடையோரம் வந்து சுபான் பாயிடம் கேட்டார்.

"அந்த அண்ணன் ஏனுங்க சும்மா நிக்கறாரு? ஒடம்பு செரியில்லன்னா சாப்டுட்டுப் போயிடச் சொல்லுங்க."

கச்சேரி முடிந்ததும் பாய் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "என்னப்பா, ஊம ஆயிட்ட?"

"ரேடியோ செட்டு செரியில்லீங்க பாய்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

காசிம் பாய் கூம்பைக் கழற்றிக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நியாயஸ்தர். "இல்ல சுபான், இவன் சொல்றது நெசந்தான். என் கொழாய்ல இடி எறங்காது. குயிலு கூவுனா மூணு ஊருக்குக் கேக்கும். கஸ்பாரு, நீ வாசிச்சதெல்லாம் கொழாய்க்கு வர்றதுக்கு முன்னாலயே செத்துப்போச்சு. மெல்லிசா எதாச்சும் இருந்தா அதுல வாசி."

மெல்லிசாக ஒன்று இருந்தது. மாதா அதில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

தர்மபுரி மாவட்டம் முழுக்கக் கூம்பு ஒலிபெருக்கிதான் என்பதை எட்டு வருடம் மேடையில் நின்றவன் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. நாலாயிரம் ரூபாய் கொடுத்து யாருக்கும் கேட்காத சத்தத்தை வாங்கி வந்துவிட்டான். வீடு வரும் வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும் வெளியே பார்க்கவில்லை. அழுகை வந்தது. ஆடுகளின் முகம் வேறு ஞாபகம் வந்தது.

மறுநாள் பால் சங்கத்திலிருந்து வந்து படத்துக்கு எதிரில் நின்றான்.

"செபமா?" என்றாள் பாக்கியமேரி.

"அந்தக் கம்பி வேணும்."

"அது கொசுறுங்க. எனக்குக் குடுத்தது. உங்களுது வெலைல கழிஞ்சுது."

"மேரி, வெளையாடாத. அதியமான்கோட்டைல ஒண்ணும் ஆவலன்னா என்ன எறக்கி விட்டுருவாங்க."

அவள் கிண்டலை நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலி போட்டு ஏறிப் படத்தை இறக்கினாள். கம்பியைப் பிரித்து, முந்தானையால் தூசி துடைத்தாள். ஆனால் கையில் கொடுக்கவில்லை. பென்னாகரம் சந்தைக்காரி மகள் ஆயிற்றே.

"வித்தா வெல இருக்குது."

"எவ்வளவு?"

"காசு வேணாம். அதியமான்கோட்டைக்கு டவுன் பஸ்ஸுல நானே வந்துக்கறன். உங்க எடம் நெலச்சுதுன்னா, வர்றப்ப அந்த ஜன்னலோரத்துல நான் உக்காருவன். ஒரே ஒரு வாட்டி."

கஸ்பார் சரி என்று தலையாட்டினான். மாதா மறுபடியும் சணலுக்கு மாறினாள்.

மூன்று வாரம் பால் சங்கத்து ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தான். பாட்டுகளுக்கு நடுவில் வரும் துண்டு இசையை எல்லாம், குழலும் வயலினும் வாசிப்பதை எல்லாம், அந்த மெல்லிய கம்பியில் தேடிப் பிடித்தான். விரல்கள் கொப்புளித்தன.

அதியமான்கோட்டை ஊர்த் திருவிழாவில் ராத்திரி கூத்து இருந்ததால் பாட்டுக் கச்சேரியைச் சாயந்திரமே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நாலு மணிக்குத் தொடங்கியது. பாக்கியமேரி முதல் ஆளாக வந்து மேடையின் பலகையிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். முதல் நாலைந்து பாட்டில் உசேன்தான் ராஜா. துண்டு இசை எல்லாம் அவன் கையில். கஸ்பார் மேடைப் பலகையில் வைத்த ஸ்பீக்கரில் ஒயரைச் சொருகி, பழக்கதோஷத்தில் தடிக் கம்பியிலேயே தட்டிக்கொண்டிருந்தான். மெல்லிய கம்பிக்கு வேலையே வரவில்லை. பாய் அவன் பக்கம் திரும்பவும் இல்லை. ஜன்னலோர இடத்தில் உசேனின் பெட்டி ஏறியாகிவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது.

ஆறாவது பாட்டில் கரண்டு போயிற்று.

இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. அந்த வருடம் போகாமலிருந்தால்தான் அதிசயம். காசிம் பாய் அதற்கென்றே லாரி பேட்டரி கொண்டுவருவார். அரை நிமிஷத்தில் மைக் உயிர் பெற்றது. கீபோர்டுக்கு அந்தப் பேட்டரி ஆகாது. உசேன் கட்டைகளை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். பாடகி காவேரி பல்லவியைத் தபேலாவோடு மட்டும் பாடி முடித்துவிட்டாள். அடுத்து குழல் வர வேண்டிய இடம். ஒருவரும் இல்லை. காவேரி பாயைப் பார்க்கிறாள், பாய் வானத்தைப் பார்க்கிறார்.

கிட்டாருக்குக் கரண்டு எதற்கு? கஸ்பார் செத்துக் கிடந்த ஸ்பீக்கரிலிருந்து ஒயரைப் பிடுங்கி, பேட்டரியில் ஓடும் காசிம் பாயின் ஆம்ப்ளிஃபையரில் சொருகினான். மெல்லிய கம்பியில் விரலை வைத்தான். குழல் துண்டு நாலு கூம்பிலும் கணீரென்று எழுந்து ஏரிக்கரை வரைக்கும் போனது. கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். கஸ்பாரை ஒரு கூட்டம் முகம் திருப்பிப் பார்த்தது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கரண்டு வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் குழலும் அவன்தான், வயலினும் அவன்தான்.

கச்சேரி முடிந்து பொழுது இறங்குகிற நேரத்தில் பாய் வேன் அருகே நின்றார். "உசேனு, உன் பெட்டிய மேல போட்டுத் தார்ப்பாய் கட்டு. கஸ்பாரு, உன் எடத்துல உக்காருப்பா."

"அதுல ஆளு இருக்குதுங்க பாய்," என்றான் கஸ்பார்.

பாக்கியமேரி ஏற்கெனவே ஜன்னலோரம் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாய் அவளைப் பார்த்தார், கஸ்பாரைப் பார்த்தார், முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். கஸ்பார் அவள் காலடியில், வேனின் தரையில், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அரைமணி நேரம்கூட இல்லாத பயணம். அதற்குள் எல்லோரும் அந்த மெல்லிய கம்பியைப் பற்றியே பேசினார்கள். உசேன்கூட, "அண்ணே, அது எங்க வாங்குனீங்க?" என்று கேட்டான்.

"கொசுறு," என்றான் கஸ்பார். பிறகு தலையை உயர்த்தி அவளைக் கேட்டான். "உனக்குப் பிடிச்சுதா?"

"அது நல்லாத்தான் இருந்துது. எனக்கு மொதல்ல வாசிச்சீங்களே, அதுதான் பிடிச்சுது."

"மொதல்லயா? அது தடிக் கம்பி. கொழாய்ல வந்திருக்காதே. ஒருத்தருக்கும் கேக்கல."

"காதுல கேக்கல. பலகைல சாஞ்சிருந்தன் இல்லீங்களா, முதுகுல வந்துது." அவன் பக்கம் குனிந்து கேட்டாள், "எட்டு வருசமா இதத்தான் வாசிச்சிட்டு இருந்தீங்களா?"

கஸ்பார் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்த ஒன்றை, ஒரே சாயந்திரத்தில் அவள் கண்டுபிடித்துவிட்டாள். எட்டு வருடம் முன்பே கூட்டிவந்திருக்கலாம்.

"அடுத்த வாரம் பாலக்கோட்டுல கச்சேரி," என்றான்.

"வேன்ல எடம்?"

"தரை இருக்குது. நல்லாத்தான் இருக்குது," என்றான் கஸ்பார்.