முப்பத்துநான்கு நொடியில் பதினோரு வருடம்

வீடு மறுபடியும் பாதியில் நின்றுவிட்டது.

சந்திரகலா மேடையில் குனிந்து, வீட்டைச் சுமக்கும் வட்டப் பலகையின் விளிம்பிலிருந்து தரைக்கு ஒரு சுண்ணாம்புக்கட்டிக் கோடு போட்டாள். அங்கே ஏற்கெனவே மூன்று கோடுகள் இருந்தன. நான்காவதும் அவற்றின் மேலேயே வந்து விழுந்தது. மேலே, ஒட்டுப்பலகையில் செய்த வீடு தன் பக்கச் சுவரைக் காலி நாற்காலிகளுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. வாசலும் தெரியவில்லை, உள்ளறையும் தெரியவில்லை.

பாட்டு இல்லாமல் கயிற்றை இழுத்தால் அது அழகாகச் சுற்றுகிறது. வீட்டுக்குள் பத்துப் பேரை ஏற்றி நிறுத்தி இழுத்தபோதும் சுற்றியது. ஒத்திகை என்று விளக்கைப் போட்டுப் பாட்டையும் வைத்தால் மட்டும் நின்றுவிடுகிறது. மேடைத் தரையில் பள்ளம் இருக்குமோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். இல்லை. பலகைக்கு அடியிலுள்ள முப்பத்தாறு சக்கரங்களையும் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினாள். வீட்டைக் கால் வட்டம் தள்ளி வைத்துத் தொடங்கினாள். கோடு வேறு இடத்துக்குப் போனதே தவிர, வீடு அப்போதும் பாதியில்தான் நின்றது.

"மேடம், யாரோ கண்ணு வச்சுட்டாங்க," என்றான் மீராசா, பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே கயிற்றைப் பிடித்தபடி. "ஒரு எலுமிச்சம்பழம் கட்டிப் பாப்பமா?"

"நீ மொத கயித்தப் புடிடா," என்றான் அவனுக்கு முன்னால் நின்ற தியாகு. "எலுமிச்சம்பழம் புழியிற மாதிரி புடிச்சிருக்க."

கயிற்றில் இருந்த எட்டுப் பேரும் எண்ணெய் நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பாரம் தூக்குவது, இறக்குவது, நகர்த்துவதுதான் அவர்கள் வேலை. வெள்ளிக்கிழமை விடுமுறையில் குவைத்தின் மங்காஃப் கேம்பிலிருந்து ஒரு வேனில் வந்து ஃபஹாஹீல் பள்ளிக்கூட அரங்கின் தாழ்வாரத்தில் வரிசையாக நிற்பார்கள். சந்திரகலா செய்த ஏற்பாடு எளிமையானது. இருபதடி விட்டமுள்ள வட்டப் பலகை. நடுவில் ஒரு இரும்பு அச்சு. விளிம்பைச் சுற்றிக் கயிறு. கயிற்றின் நுனி பக்கவாட்டுக் கதவு வழியாகத் தாழ்வாரத்துக்குப் போகிறது. பாதி வட்டம் திரும்ப முப்பத்திரண்டு அடிக் கயிறு வெளியே வர வேண்டும். பாட்டின் ஒவ்வொரு தட்டுக்கும் கைமாற்றிக் கைமாற்றி ஓர் அடி இழுத்தால் கணக்குச் சரியாக இருக்கும்.

பாட்டு முப்பத்துநான்கு நொடி. அந்த முப்பத்துநான்கு நொடிக்காகத்தான் இவ்வளவும்.

நாடகம் அமெரிக்காவுடையது. எழுபது வருடங்களுக்கு முன் நியூயார்க்கில் முதன்முதலாக மேடையேறிய இசை நாடகம். கப்பலில் போகும் கணவனை வாசலில் நின்று வழியனுப்பிவிட்டு ஒருத்தி கதவைச் சாத்துகிறாள். கதவுக்குப் பின்னால் பாட்டு தொடங்குகிறது. வீடு மெல்லத் திரும்புகிறது. முழுதாகத் திரும்பி உள்ளறை தெரியும்போது அவள் தலை நரைத்திருக்கிறது, மேஜையில் விளக்கு எரிகிறது, பதினோரு வருடம் ஆகியிருக்கிறது. அவ்வளவுதான் காட்சி. திரை இல்லை, இருட்டு இல்லை, 'பதினோரு ஆண்டுகளுக்குப் பின்' என்று அட்டையும் இல்லை. காலத்தைக் கண்ணெதிரே நகர்த்திக் காட்டிவிடுகிறார்கள். அதைத் தமிழாக்கி நடத்துவது என்று தமிழ்ச் சங்கத்தில் ரெங்கராஜ் சொன்ன நாளிலிருந்து சந்திரகலாவுக்கு வேறு நினைப்பு இல்லை.

ரெங்கராஜ் ஸ்ரீரங்கத்துக்காரர். வங்கியில் வேலை. நாடகம் என்றால் உயிர். ஆனால் பொறுமைக்கும் அளவு உண்டு. அன்று மேடைக்கு ஏறி வந்து, அவள் கோடுகளைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சந்திரா, கோச்சுக்காதே. திரைய எறக்கிடலாம். ரெண்டு நிமிஷம் ஹார்மோனியம் வாசிச்சா யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும் சார்."

"அடுத்த வெள்ளிக்கிழமை சுத்தினா சுத்தட்டும். இல்லேன்னா கலாஸ், அவ்வளவுதான். வீட்டப் பிரிச்சுடலாம். அதுக்கு அடுத்த வியாழக்கிழமை நாடகம், ஞாபகம் இருக்கட்டும்."

பிரித்துவிடலாம் என்ற சொல் அவளை அடித்தது. கோயம்புத்தூரில் இயந்திரவியல் படித்து முடித்தவள். குவைத்துக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. விசாவில் குடும்பத் தலைவி என்று இருக்கிறது, வேலை பார்க்கக் கூடாது. இந்த எட்டு வருடத்தில் அவள் வரைந்து, அளந்து, செய்து நிறுத்திய முதல் பொருள் இந்த வீடு. கணவன் முகிலன் தினமும் சாப்பிட உட்காரும்போது, "உன் வீடு இன்னிக்காவது சுத்துச்சா?" என்று கேட்பான். கேலிதான். ஆனால் அவள் 'இல்லை' என்றதும், எங்கே நின்றது என்றும் கேட்பான்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. அந்தப் பாட்டைப் பாடுகிற பானுமதி ஒரு நர்ஸ். அன்று காலை அவளுக்கு டியூட்டி இருந்ததால் அவள் குரலைப் பதிவு செய்த கேசட்டைப் போட்டார்கள். பாட்டு தொடங்கிவிட்டது. கயிறு அசையவில்லை. மீராசா தாழ்வாரக் கோடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். "யல்லா, யல்லா!" என்று தியாகு கத்த, அவன் ஓடி வந்து பிடிப்பதற்குள் எட்டு நொடி போய்விட்டது. தாமதமாகக் கிளம்பிய வீடு கால் வட்டம்கூடத் திரும்பவில்லை. நின்றுவிட்டது.

சந்திரகலா சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். குனிந்தவள் கோடு போடாமல் அப்படியே இருந்தாள். எட்டு நொடி தாமதம், எட்டு அடி முன்னாலேயே நின்றுவிட்டது. தரையில் இடம் மாறியிருக்கிறது, கயிற்றில் அளவு மாறியிருக்கிறது. மாறாமல் இருப்பது ஒன்றே ஒன்று. வீடு நின்றபோது கேசட்டில் பானுமதி 'இன்னும்' என்ற சொல்லைப் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தாள். போன வாரம் நின்றபோதும் அந்தச் சொல்தான். அதற்கு முந்தின வாரமும் அதேதான்.

கோளாறு மரத்தில் இல்லை, பாட்டில் இருக்கிறது.

அந்த இடத்தில் தாளம் நின்றுவிடும். ஹார்மோனியமும் தபலாவும் கையை எடுத்துக்கொள்ளும். ஒற்றைக் குரல் மட்டும் ஒன்பது நொடி காற்றில் நிற்கும். அவள் தாழ்வாரத்துக்கு ஓடினாள்.

"தியாகு, பாட்டு நீளுற எடத்துல ஏன் இழுக்கறத விட்டீங்க?"

"விடலையே மேடம்." அவன் மற்றவர்களைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். "நாங்க நிறுத்தணும்னு நிறுத்தல. பாட்டு நிக்குது, கையும் நின்னு போவுது."

ஓடுகிற பாரத்தை ஓட்டிக்கொண்டே இருக்கச் சின்ன பலம் போதும். நின்ற பாரத்தைக் கிளப்ப அதைப்போலப் பல மடங்கு வேண்டும். ஒன்பது நொடி கை ஓய்ந்தால் வீடு உறைந்துவிடும். தொடக்கத்தில் எட்டுப் பேரும் ஒன்றாகச் சாய்ந்து கிளப்புகிறார்கள்; மறுபடி தாளம் வரும்போது ஆளுக்கொரு நொடியில் இழுக்கிறார்கள், அந்தப் பலம் பற்றாது. "நிறுத்தாம இழுங்க" என்று சொல்லி இன்னொரு முறை பார்த்தார்கள். சிலர் இழுத்தார்கள், சிலர் காத்திருந்தார்கள். வீடு வெட்டி வெட்டி நகர்ந்து, உள்ளே மேஜை சாய்ந்து விளக்கு உருண்டது. மேடைக்கு முன்னால் ரெங்கராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருமணிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு தடவை என்றார்.

அவள் தன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை எடுத்து, இதுவரை படிக்காமல் விட்டிருந்த முன்னுரையைப் படித்தாள். ரெங்கராஜின் மச்சினர் நியூஜெர்சியிலிருந்து அனுப்பிய தடித்த புத்தகம் அது. நாடகத்தின் வரலாறு முழுக்க அதில் இருந்தது. முதல் மேடையேற்றத்தில் மோட்டார் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்களைக் கூப்பிட்டு வந்து கயிற்றால் இழுத்திருக்கிறார்கள். அப்போது அந்த நீண்ட இழுவை பாட்டில் இல்லவே இல்லை. தாளம் விடாமல் ஓடியிருக்கிறது. பதின்மூன்று வருடம் கழித்துப் படமாக எடுத்தபோது வீடு திரும்பவில்லை, காமிரா வீட்டைச் சுற்றி வந்தது. காமிராவுக்கு அவசரம் இல்லை. நடித்தவள் அந்தச் சொல்லில் மூச்சு இருக்கும்வரை நின்றுவிட்டாள். இசைத்தட்டில் அதைக் கேட்ட ஊரெல்லாம் அதையே எதிர்பார்த்தது. நாற்பது வருடத்துக்குப் பிறகு மறுபடி மேடைக்கு வந்தபோது இழுவையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் வீட்டை மோட்டார் சுற்றியது. மோட்டாருக்குக் காது இல்லை.

சந்திரகலா புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். படத்திலிருந்து வந்த பாட்டை எடுத்து, முதல் மேடையிலிருந்து வந்த கயிற்றில் கட்டியிருக்கிறோம். யாரோ ஒருத்தி என்றோ ஒரு காமிராவுக்கு முன்னால் விட்ட மூச்சு, இத்தனை கடல் தாண்டி, இந்தத் தாழ்வாரத்தில் எட்டுப் பேரின் கையைப் பிடித்து நிறுத்துகிறது.

தியாகு சாப்பாட்டுப் பொட்டலத்தை மடித்துப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் கண் விரிந்தது.

"அப்ப மொதல்ல இழுத்தவங்களும் நம்ம வேலக்காரங்கதானா?" என்றான். பிறகு, "மேடம், அந்தப் பக்கம் அந்தம்மாவுக்கு என்னதான் ஆவுது? நாங்க ஒண்ணும் பாக்கலையே."

"பதினோரு வருஷம் ஆயிடுது. புருஷன் இன்னும் வரல."

அவன் சிரிக்கவில்லை. "எனக்கு இங்க வந்து ஒம்போது," என்றான். கயிற்றின் பக்கம் திரும்பி, "இழுவைய எடுத்துடச் சொல்லாதீங்க. நல்லா இருக்கு. அதுல தப்பில்ல. எங்களுக்குத்தான் சிக்னல்மேன் இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"சைட்ல கம்ப்ரஸர் சத்தத்துல ஒரு எழவும் கேக்காது மேடம். காத நம்புனா கால் போயிடும். சிக்னல் குடுக்கறவன் கையப் பாத்துத்தான் இழுப்போம். இப்படி." கையைத் தலைக்கு மேல் தூக்கி விரல்களை மூடித் திறந்தான். மூடித் திறந்தான். "கை ஓடுனா நாங்க ஓடுவோம். கை நின்னாத்தான் நிப்போம். எவன் பாடுனா என்ன, எவன் அழுதா என்ன."

"அப்ப நீங்க சிக்னல் குடுங்க."

"நான் குடுத்தா கயித்துல ஒரு ஆளு கொறையுமே. வீடு கெளம்பாது." அவன் அவளைப் பார்த்தான். "நீங்க நில்லுங்க. பாட்டு உங்களுக்குத்தானே மனப்பாடம்."

"மேடைக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கணும்."

"ஆமா. நீங்க பாக்க முடியாது."

மீராசா பின்னாலிருந்து சொன்னான்: "நாங்க பாத்துட்டு வந்து சொல்றோம் மேடம். டிக்கெட் வேண்டாம்."

சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த ஒரே தடவையில் வீடு நிற்காமல் திரும்ப, ரெங்கராஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். திரை பற்றி அவர் பிறகு பேசவில்லை.

வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. சந்திரகலா பக்கவாட்டுக் கதவில், மேடைக்கு முதுகைக் காட்டி நின்றாள். எதிரே தாழ்வாரத்தில் எட்டு முகங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, கயிற்றின் இரு பக்கமும். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பானுமதி தொடங்கினாள். சந்திரகலா கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். மூடித் திறந்தாள். கயிறு இறுகி, அவள் இடுப்பை உரசிக்கொண்டு நகர ஆரம்பித்தது.

பத்து அடி. பதினைந்து. பதினாறு. 'இன்னும்' வந்தது. தபலா நின்றது. அரங்கத்தில் இருமல்கூட இல்லை. அந்த ஒற்றைக் குரல் பின்னாலிருந்து வந்து அவள் தோளைத் தொட்டது. ஒரு கணம் அவள் விரல்களே மூடியபடி நின்றுவிடப் பார்த்தன. எதிரே தியாகு இமைக்காமல் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விரல்களைத் திறந்தாள். மூடினாள். திறந்தாள். எட்டுத் தோள்களும் ஒன்றாகச் சாய்ந்தன.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் வீட்டின் உள்ளறை திரும்பி வந்தது. மேஜை விளக்கின் மஞ்சள் வெளிச்சம் கதவு வழியாகத் தாழ்வாரத்துக்குள் நுழைந்து, முதலில் தியாகுவின் முகத்தில் விழுந்தது. அங்கிருந்து மீராசாவுக்குப் போனது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு முகமாக, கடைசி ஆள் வரை போய்ச் சுவரில் ஏறியது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எட்டுப் பேரின் கண்ணும் அவள் கையிலேயே இருந்தது. அரங்கத்திலிருந்து, நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக மூச்சை உள்ளிழுக்கும் சத்தம் வந்தது.

கயிற்றில் முப்பத்திரண்டாவது அடியில் கட்டியிருந்த சிவப்புத் துணி கதவைத் தாண்டி வெளியே வந்தது. அவள் கையை நிறுத்தினாள்.

ரெங்கராஜின் ஒத்திகை நோட்டில், அடுத்து இந்த நாடகத்தைப் போடுகிறவர்களுக்காக அவள் இப்படி எழுதி வைத்தாள்: பாட்டு நீளுகிற இடத்தில் தாளம் இருக்காது. கயிற்றுக்காரர்கள் காதால் கேட்டு இழுக்கக் கூடாது. ஒருவர் கதவில் நின்று கையை மூடித் திறக்க வேண்டும், சிவப்புத் துணி வெளியே வரும்வரை.