முன்னறையில் ஓர் எஞ்சின்

பிறிஜெற் ஸ்பேனரின் பிடியில் இரண்டு கைகளையும் வைத்துத் தொங்கினாள். நட் அசையவில்லை. அவளுடைய கணவனின் தம்பி ஒஸ்வால்ட் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வந்து சேர்ந்து அழுத்தினான். அப்போதும் அசையவில்லை.

பத்து மணிக்கு அவளுடைய கணவன் செபஸ்தியனின் உடல் பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்துவிடும். இப்போது எட்டே முக்கால். கொட்டாஞ்சேனையின் அந்த ஒடுங்கிய வீட்டில் பெட்டி வைக்க இருந்தது முன்னறை ஒன்றுதான். அதன் நடுவில் எஞ்சின் இருந்தது.

சைட்கார் இழுக்கிற பெரிய மோட்டார் சைக்கிளின் எஞ்சின். தானே கட்டிக்கொண்டிருந்த சிறிய விமானத்துக்காக செபஸ்தியன் அதை ஒரு வருடமாக மாற்றிக்கொண்டிருந்தார். இந்த வேகம் விமானத்தை இழுக்கிற விசிறிக்கு ஆகாது என்று சங்கிலி போட்டு அதைப் பாதியாக்கினார். தீப்பொறி கொடுக்கிற மக்னீட்டோ ஒன்று போதாதென்று இரண்டு வைத்தார். றோட்டில் நின்றுபோனால் இறங்கித் தள்ளலாம், மேலே நின்றால் என்ன செய்வது என்று சோற்றைப் பிசைந்தபடி அவளிடமே கேட்பார். மரச்சட்டமும் இறக்கைகளும் வத்தளையில், கூட்டாளி தாஸிமின் கராஜுக்குப் பின்னால் கிடந்தன. எஞ்சின் மட்டும் வீட்டில், சீமெந்துத் தரையில் நான்கு போல்ட் இறக்கி, இரும்புத் தாங்கியில். ஒருமுறை வாசலைத் திறந்துவைத்து அதை ஓடவிட்டார். திருஇருதயப் படம் சுவரிலிருந்து விழுந்து நொறுங்கியது. எதிர்வீட்டு மயிலம்மாவின் சேலைகள் கொடியோடு பறந்தன. அன்று பிறிஜெற்தான் வீடுவீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாள்.

நேற்றுப் பின்னேரம் செபஸ்தியன், தான் வேலைபார்த்த துறைமுகக் கந்தோரின் படிக்கட்டில் ஏறும்போது இருதயம் நின்று விழுந்தார். வயது நாற்பத்தொன்று. இரண்டு வருடமாக அவர் வானத்திலிருந்து விழுவாரென்று அவள் பயந்துகொண்டிருந்தாள். அவ்வளவு பயமும் வீணாய்ப் போன எரிச்சலில் மறுபடியும் ஸ்பேனரை இழுத்தாள். விசிறியைக் கழற்றாமல் தாங்கி வாசலால் போகாது. விசிறியைப் பிடித்திருந்தது அந்த ஒரு நட்.

தாஸிம் வந்து வாசலில் நின்றார். அவர்கள் இழுப்பதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்க இறுக்குறீங்க."

அது இடக்கைப் புரி, மற்றப் பக்கம் திருகவேண்டும் என்றார். சுற்றும்போது விசிறி கழன்று போகாமலிருக்க செபஸ்தியன் அப்படி வெட்டியிருந்தாராம்.

பிறிஜெற் ஸ்பேனரைக் கீழே போட்டாள். அண்ணன் முறையில் தாஸிமை அவள் நானா என்றுதான் கூப்பிடுவாள். "இந்த மனிசன் செய்ததில ஒண்டாவது நேரா கழருமா, நானா?"

இருவரும் இறுக்கி வைத்ததைத் தளர்த்த தாஸிமுக்குச் சுத்தியல் தேவைப்பட்டது. விசிறி கையோடு வந்தபின் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். பிறகு சுவரில் சாய்த்துவிட்டுத் தாங்கியின் அடி நட்டுகளைக் கழற்றத் தொடங்கினார்.

பிறிஜெற்றுக்கு வாய் நிற்கவில்லை. போன ஈஸ்டருக்கே, முதலில் வைத்திருந்த சின்ன எஞ்சின் ஒழுங்காக ஓடியதே, அதிலேயே ஏறிப் பறந்து ஆசையை முடித்திருந்தால் இந்தச் சனியன் வீட்டுக்குள் வந்திராதே என்று தாஸிமைப் பிடித்துக்கொண்டாள்.

தாஸிம் தலை நிமிரவில்லை. "சின்னது ஒராளத்தான் தூக்கும்."

"ஒராள்தானே பறக்கிறது?"

"ரெண்டாவது சீட் போட்டாச்சு, தங்கச்சி. பெப்ருவரியிலயே."

ஒஸ்வால்ட் வெளியே போய், கார் வரவேண்டிய ஒழுங்கையைப் பார்த்து நின்றான்.

"நான் ஏறமாட்டன் எண்டு அவருக்குத் தெரியும்," என்றாள் பிறிஜெற்.

"அதையும் சொன்னாரு. இப்ப கேட்டா மாட்டன் எண்டுவா, செஞ்சு முடிச்சிட்டுக் கேக்கிறன் எண்டு." ஒரு நட் கழன்று உருண்டது. "ஒங்கட பாரத்த ஒம்பது ஸ்டோன் எண்டு வெச்சுத்தான் எல்லாக் கணக்கும் பாத்தாரு."

"ஒம்பதா?" அவளுடைய குரல் உயர்ந்தது. "நான் எட்டு. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் எட்டுத்தான். ஒருக்காக் கேட்டிருக்கலாம்தானே, நானா. பக்கத்திலதானே இருந்தனான்."

தாஸிம் அடுத்த நட்டில் ஸ்பேனரை மாட்டினார். அது இரண்டு தரம் வழுக்கியது.

அயலவர்களும் சேர்ந்து எஞ்சினைப் பின்முற்றத்துக்குத் தூக்கிப்போய் முடிக்கையில் வாசலில் பெட்டி வந்த காரின் ஹோர்ன் கேட்டது. அறை வெறுமையாகி, தரையில் நான்கு போல்ட்டுகள் மட்டும் விரல் நீளத்துக்கு நிமிர்ந்து நின்றன. அரைமணி நேரம் கிடைத்தால் அறுத்துவிடலாம் என்றார் தாஸிம். அப்படியே விடச் சொன்னாள் பிறிஜெற்.

பெட்டியை அவற்றுக்கு அந்தப் பக்கமாக, சுவரோரம் கொஞ்சம் கோணலாகத்தான் வைக்க முடிந்தது. சனம் வரத் தொடங்கியது. முதலில் வந்த கிழவருக்கே கால் தட்டி, ஒஸ்வால்ட் தாங்கிப் பிடித்தான். பிறிஜெற் எழுந்து வந்து அந்த இடத்தில் நின்றாள். வருகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு பெட்டியடிக்குப் போனார்கள்.

செபம் சொல்ல வந்த குருவானவர் அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

"இல்ல ஃபாதர்," என்றாள். "நான் இதிலயே நிக்கிறன்."

நான்கு மணிக்குப் பெட்டியைத் தூக்கும்வரை, கறுப்புச் சேலையின் கரையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்தபடி, போல்ட்டுகளுக்கு நடுவில் நின்றாள்.