பினிங்குக்கு முகம் கொடுத்தவர்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவள் நான்.

சென்ற மாதம் மாகாண அருங்காட்சியகத்திலிருந்து ஜோவெலின் என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள். ஓவியர் ரெஸ்டிட்யூட்டோ கர்கனேரா இறந்து ஒரு வருஷம் ஆகிறது, அவருடைய படங்களைக் காட்சிக்கு வைக்கிறோம், சுவரில் மாட்ட அரைப் பக்கத்தில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு வேண்டும் என்றாள். அவர் என் அக்கா ரொசெண்டாவின் கணவர். நானோ முப்பத்தைந்து வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். அரைப் பக்கம் எழுத என்ன கஷ்டம் என்று சம்மதித்தேன்.

"டீச்சர், இன்னொண்ணு. பினிங்கை யாரைப் பாத்து வரைஞ்சார்னு மறக்காமப் போட்டுடுங்க. வர்றவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க."

"அது எனக்குத் தெரியாதேம்மா."

தெரியும். ஐம்பத்திரண்டு வருஷமாகத் தெரியும். அரைப் பக்கத்தில் எழுத முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

[பினிங் யார் என்று எங்கள் தீவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் மொழியில் வந்த ஒன்றாம் வகுப்புப் பாடநூலில் இருக்கிற சிறுமி. மஞ்சள் கவுன், காதோரம் ரிப்பன். "பினிங் ஓடுகிறாள். பினிங் நண்டைப் பார்க்கிறாள்." பதினாறு வருஷம் எங்கள் பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டினார்கள்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அன்று கடல் கண்ணாடிபோல்…"

அடித்துவிட்டேன். அன்று கடல் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு: "ஒரு மாபெரும் கலைஞனின் விரல்கள்…"

இதையும் அடித்துவிட்டேன். மனோங் டிட்டோங் படித்திருந்தால் சிரித்துச் சிரித்தே இருமல் வந்திருக்கும். (மனோங் என்று அண்ணன் முறை வைத்துத்தான் அவரைக் கடைசிவரை கூப்பிட்டேன். டிட்டோங் வீட்டுப் பெயர்.)

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவின் கடற்கரை ஊரான கிம்பாலில் ஒரு மீனவருக்குப் பிறந்தார். பதினாறு வயதில் இலோய்லோ நகரத்துச் சினிமாக் கொட்டகையில் தட்டி எழுதப் போனார். கதாநாயகியின் கண்ணை ஒரு ஆள் உயரத்துக்கு வரைவார். கிட்டே போனால் வெறும் நீலத் திட்டு, தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் அந்தக் கண் நம்மையே பார்க்கும். என் அக்கா அப்படி எதிர்ப்பக்கம் நின்று பார்த்தவள்தான். கல்யாணமாகி இருவரும் கிம்பாலுக்கே வந்துவிட்டார்கள். பெற்றோர் இல்லாத நானும் அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். பாடநூலுக்கு அறுபத்து நாலு படம் வரைந்து தரச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது.

3

பினிங்காக நிற்க வேண்டியவள் பக்கத்து வீட்டு அவுரியா. ஏழு வயது. அவளுடைய அம்மா கடல் தாண்டிப் பகோலோட் நகரத்தில் ஒரு பணக்கார வீட்டில் வேலைக்கு இருந்தாள். அங்கிருந்து தானே தைத்து அனுப்பிய மஞ்சள் கவுன் அவுரியாவிடம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் மனோங்குக்கு அந்த எண்ணமே வந்தது. ஆனால் குறித்த நாள் காலையில் அவளுக்குக் காய்ச்சல். படங்கள் அந்த வாரக் கப்பலில் போக வேண்டும். செய்தி சொல்ல வந்தவன் அவளுடைய அண்ணன் வென்சிங்.

[வென்சிங் அவன் பெயர் இல்லை. ஏன் என்று பின்னால் தெரியும்.]

மனோங் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "டேய், உன் முகமும் தங்கச்சி முகமும் ஒரே அச்சுதானே. அவ கவுனை எடுத்துக்கிட்டு வா."

"எதுக்கு?"

"போட்டுக்கிட்டு நிக்கத்தான்."

"முடியாது. நான் ஆம்பளை."

"யாருடா இல்லைன்னா? ஐஸ் சாப்பிடற ஆம்பளை. மூணு ஐஸ் வாங்கித் தர்றேன்."

"அஞ்சு. அப்புறம் இதை யார்கிட்டயாவது சொன்னீங்க, உங்க பெயிண்ட் டப்பா எல்லாத்தையும் கடல்ல கொட்டிருவேன்."

கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போய் அவனுக்கு முதுகுப்பக்கம் ஊக்கு மாட்டிவிட்டவள் நான். ரிப்பன் கட்டியவளும் நான். நானும் சத்தியம் செய்தேன். மூன்று நாள் நின்றான். ஐந்தாவது படத்தில் பினிங் முறைத்துக்கொண்டிருப்பாள், பார்த்திருப்பீர்கள். எத்தனையோ ஆசிரியர்கள் அதைச் சிறுமியின் சிந்தனை என்று விளக்கியிருக்கிறோம். அது அவன் ஐஸ் கேட்டு நின்ற முகம்.

அவுரியாவுக்கு அந்தக் காய்ச்சல் விட்டது, மறுபடி வந்தது. நவம்பரில் இறந்துபோனாள். புத்தகம் மறு வருஷம் ஜூனில் வந்தது. இந்த இரண்டு வரிகளையும் நான் அடுத்தடுத்து எழுதுவது இதுவே முதல் தடவை. ஏன் முன்பே எழுதிப் பார்க்கவில்லை என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

4

பிறகு மனோங் நிறைய வரைந்தார். வாரப் பத்திரிகைத் தொடர்களுக்கு, காலண்டர்களுக்கு, கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுக்கு. நாற்பது வயதுக்கு மேல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எண்ணெய் வண்ணத்தில் கடலை மட்டும் வரையத் தொடங்கினார். கடல் என்றால் நீலம் இல்லை. ஆற்று வாயில் வெள்ளம் கலக்கும்போது வருகிற பழுப்பு, மழைக்கு முந்தைய ஈயநிறம். ஒரு படத்தில்கூட மனிதர்கள் கிடையாது.

எழுபத்தொன்றில் மணிலாவில் கண்காட்சி வைத்தார். இருபத்திரண்டு கடல்கள். நானும் உடன் போயிருந்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் அங்கே பிழைக்கப் போன எங்கள் தீவுக்காரர்கள், கையில் கிழிந்த பாடநூல். பினிங் படத்துக்குக் கீழே கையெழுத்துக் கேட்டார்கள். அவர் முகம் கோணாமல் போட்டுக் கொடுத்தார். திரும்பி வருகிற கப்பலில், மேல்தளத்தில் நின்றுகொண்டு அவர் என்னிடம் சொன்னார்: "மெரிங், ஒரே ஒரு மகளைப் பெத்துட்டு, அவளுக்கு வழிவிட்டு நான் ஓரமா…"

இல்லை. அவர் இப்படிப் பேசுகிறவரே இல்லை. இது டீச்சர் எழுதுகிற வசனம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சனியன், அவ என்னை விட்டாத்தானே." சொல்லிவிட்டு, துறைமுகத்தில் வாங்கிய, ஓலையில் சுருட்டி அவித்த ஒட்டரிசியைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

5

எண்பத்தாறில் ஒரு நாள் காலை பக்கத்து ஊர் மியகாவிலிருந்து ஜீப்னி வண்டி பிடித்து ஒரு பெண் வந்தாள். பெயர் லியோனிலா. முப்பத்தாறு வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் பாடநூல்.

[என் முதல் வரைவில் இவளைக் கொஞ்சம் தந்திரக்காரியாக எழுதியிருந்தேன். ஆதாயம் தேடி வந்தவள்போல. அன்று நான் அப்படித்தான் நினைத்தேன் என்பதால். அது தவறு. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.]

"மனோங், எங்கம்மா போன மாசம் போய்ட்டாங்க," என்றாள். "சின்ன வயசுல ஒருத்தர் கடற்கரைல உக்கார வச்சு என்னைப் படம் வரைஞ்சாராம். புஸ்தகத்துல இருக்கறது நீதான்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க. என்கிட்ட சின்ன வயசு போட்டோ ஒண்ணுகூட இல்லை. புயல்ல வீடே போச்சு. எனக்கு வேற எதுவும் வேண்டாம். இது நான்தானா? அதை மட்டும் சொல்லுங்க."

நான் காப்பியை வைத்துவிட்டு நின்றேன். மனோங் என்னைப் பார்க்கவில்லை.

"அந்த வருஷம் கடற்கரைல நிறைய பிள்ளைங்களை வரைஞ்சேன்," என்றார். அது உண்மைதான். "இண்டாய், அப்படி வெளிச்சத்துல உக்காரு." (இண்டாய் என்றால் எங்கள் ஊரில் மகளே என்பதுபோல.)

பென்சிலையும் தாளையும் எடுத்தார். இருபது வருஷமாக மனித முகம் வரையாதவர். மூன்று மணி நேரம். நடுநடுவே கேள்விகள் கேட்டார்: முன்பல் எப்போ விழுந்தது? முடி யார் வெட்டிவிட்டாங்க? அந்தப் புருவத் தழும்பு எப்படி? அவள் சொல்லச் சொல்ல, தாளில் முப்பத்தாறு வயது கரைந்துகொண்டே போனது. கடைசியில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி, ஒரு பல் இல்லாமல், புருவத்தில் புதுக் காயத்தோடு எங்களைப் பார்த்தாள்.

லியோனிலா நெடுநேரம் பார்த்தாள். "இது புஸ்தகத்துல இருக்கற பொண்ணு இல்லை."

"இல்லை," என்றார் மனோங்.

அடுப்பில் சோறு தீய்கிற வாசனை. ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள், அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். இடையில் என்ன சொன்னார்?

கவுன் போட்ட பையனின் கதையைச் சொல்லியிருக்கலாம். சிரிப்புக்கு அது காரணமாக இருக்கும். அல்லது, "புஸ்தகத்துல இருக்கறதும் நீதான், அன்னிக்கு எனக்குச் சரியா வரையத் தெரியலை," என்று சொல்லியிருக்கலாம். அழுகைக்கு அது காரணமாக இருக்கும். எத்தனையோ முறை கேட்டேன். "கேட்டா, சொன்னேன்," என்பதோடு நிறுத்திக்கொள்வார். அவள் படத்தையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனாள்.

6

சத்தியத்தை மீறுவதற்கு முன் கேட்க வேண்டுமல்லவா? போன செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனேன். வென்சிங்குக்கு அறுபது வயது, பன்றிக்கறிக் கடை, மூன்று தடவை ஊர்க் கவுன்சிலர். வயிறு மேடையைத் தாண்டி வந்து வாடிக்கையாளரை வரவேற்கும்.

விஷயத்தைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தான். என்னை அக்கா முறை வைத்து மனாங் என்றுதான் கூப்பிடுவான். "மனாங், ஊரே என்னைக் கவுன்சிலர்னு கூப்பிடுது. நீங்க பினிங்னு கூப்பிட வந்திருக்கீங்களா?"

"சும்மா இரு. இந்த வயசுல உனக்கு என்னடா வெக்கம்?"

"முதல்ல வெக்கம்தான்," என்றான். பிறகு குரல் இறங்கிவிட்டது. "புஸ்தகம் வந்தப்ப நீங்க டீச்சர் பயிற்சிக்கு இலோய்லோ போயிருந்தீங்க. தங்கச்சியைப் புதைக்க வந்த அம்மா திரும்பி வேலைக்குப் போகலை. என்னைத் தாமதமாத்தான் ஒண்ணாம் வகுப்புல சேத்திருந்தாங்க. ஒரு நாள் நான் வீட்டுல சத்தமாப் படிச்சுக்கிட்டு இருந்தேன். அம்மா எட்டிப் பாத்தா. தான் தைச்ச கவுன், தன் மக முகம். புஸ்தகத்தை என் கையிலேர்ந்து வாங்கிட்டா. அப்புறம் எனக்கு அது கிடைக்கவே இல்லை. பள்ளிக்கூடத்துல அடிதான்."

"நீ சொல்லலையா?"

"எட்டு, ஒம்பது வயசு மனாங் எனக்கு. அது நான்தாம்மான்னு சொல்ல வாயைத் திறந்தேன். அவ முகத்தைப் பாத்தேன், மூடிட்டேன். அம்மா நேரா மனோங் டிட்டோங் வீட்டுக்குப் போய், அவர் கையைப் பிடிச்சு, என் மகளை எனக்குத் திருப்பிக் குடுத்துட்டீங்கன்னு அழுதா. அவரும் ஒண்ணும் சொல்லலை. தொண்ணூத்தொம்பதுல அம்மா சாகறவரைக்கும் அந்தப் புஸ்தகம் தலையணைக்கு அடியிலதான் இருந்துச்சு. பெட்டியில அதையும் வச்சுத்தான் மூடினோம்."

ஒரு வாடிக்கையாளர் அரைக் கிலோ கேட்டார். வென்சிங் வெட்டிக் கொடுத்தான். நான் அந்த நேரத்தில் லியோனிலாவை நினைத்தேன். எண்பத்தாறில் இவனுடைய அம்மா எங்கள் பக்கத்து வீட்டில் உயிரோடு இருந்தாள். "ஆமாம், நீதான்" என்று மனோங் எப்படிச் சொல்லியிருப்பார்? ஒருத்திக்குக் கொடுத்த முகம் அது. "இல்லை" என்று வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வரவில்லை. அதனால் புதிதாக ஒரு முகம் வரைந்து கொடுத்தார். அவர் திரும்ப மனிதர்களை வரையத் தொடங்கிவிட்டார் என்று அன்று நான் அக்காவிடம் சந்தோஷப்பட்டேன். அவர் தொடங்கவில்லை. அது ஒன்றுதான்.

"எழுதிக்குங்க மனாங்," என்றான் வென்சிங். "என் பேரை மாத்திடுங்க. தங்கச்சி பேரை மாத்தாதீங்க."

7

நேற்று வெள்ளிக்கிழமை. அரைப் பக்கத்தை அனுப்பினேன். ஜோவெலின் உடனே அழைத்தாள்.

"டீச்சர், பினிங்குக்கு நின்னவங்க பேர்னு போட்டுட்டு, அதுக்கு நேரா ஒண்ணுமே இல்லையே?"

"வேணும்னுதான் விட்டிருக்கேன். ஒரு பேர் எழுதற அளவுக்கு இடம் விட்டு அச்சடி. பக்கத்துல நூல்ல ஒரு பென்சிலைக் கட்டித் தொங்க விடு."

"ஐயோ, வர்றவங்க கண்ட பேரையும் கிறுக்கி வைப்பாங்களே!"

"வைக்கட்டும்."

அவள் அதைக் குறித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு, மியகாவிலிருந்து ஓர் அம்மா தன்னுடைய பென்சில் படத்தைக் காட்சிக்குத் தந்திருக்கிறார், திறப்பு நாளில் வருகிறார், தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். இந்தத் தடவை பொய் இல்லை.

இன்று காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள். வென்சிங் புதுச்சட்டை வாங்கியிருக்கிறான் என்று அவன் மனைவி சொன்னாள். இப்போது மணி எட்டு. நான் இன்னும் புறப்படவில்லை. புறப்படுவதற்குள் இதை நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் அங்கே நடப்பதைப் பார்த்துவிட்டால் அதை எழுதாமல் இருக்க என்னால் முடியாது. எழுதினால் நான் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தவள் ஆகிவிடுவேன்.

லியோனிலா முதலில் வந்தால்? அவளுக்குப் பின்னால் வென்சிங் நின்றால்? பினிங்கைப் பார்த்து வாசிக்கக் கற்றவர்கள், தங்கள் தங்கையோ மகளோ அவள்தான் என்று நம்புகிறவர்கள், இன்னும் எத்தனை பேர் வருவார்களோ. நீங்களும் அந்த வரிசையில் நிற்கிறீர்கள். பென்சில் உங்கள் கைக்கு வருகிறது.

இடம் ஒரு பெயருக்குத்தான் இருக்கிறது.