ரெண்டு பிள்ளை

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டும்போதுகூட முத்தப்பன் பழக்கதோஷத்தில் இடது கையால் அப்பச்சியின் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தக் காலைப் பிடித்துக்கொள்ள இனி ஆள் தேவையில்லை என்பது முடிச்சைப் போட்டு முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. மெல்லக் கையை எடுத்துக்கொண்டான். தலைமாட்டில் உட்கார்ந்து அப்பச்சிக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்த தங்கை தேனம்மை அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் அப்பச்சி என்று கூப்பிட்ட அப்பாவின் உடம்பு அது, பதினாலு வருஷம் ஓயாமல் ஆடியது. முதலில் விரல்கள் ஆடின. பிறகு தோள், கழுத்து, நாக்கு. காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் அது காதுக்குப் போகும். நரம்புத் தளர்ச்சி என்றார்கள், பங்காளி வைத்த செய்வினை என்றார்கள். ரங்கூனில் தாத்தா குடித்தே ஆடிப்போனார் என்று சொல்லிவந்த கதைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் அதற்கு ஹண்டிங்டன் என்று பெயர் சொன்னார்கள். அதோடு விட்டிருக்கலாம். பெற்ற பிள்ளைகளுக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் சொன்னார்கள்.

அந்தப் பாதிக்குப் பயந்தே தேனம்மை கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையைத் தள்ளிப்போட்டாள். மாமியாரின் பேச்சையெல்லாம் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். அப்படியும் இந்த வருஷம் தங்கிவிட்டது. வைத்துக்கொள்வதா, கலைத்துவிடுவதா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அப்பச்சி, ஆத்தா, அண்ணன், அவள் என்று நாலு பேரும் பெங்களூருக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அந்த டாக்டரம்மா நன்றாகத் தமிழ் பேசினார். "இந்த நோய் எந்தத் தெருவுல குடியிருக்குன்னு கண்டுபிடிச்சாச்சும்மா. எந்த வீடுன்னுதான் இன்னும் தெரியலை. அதனால பக்கத்து வீட்டு அடையாளத்தை வச்சுத் தேடுறோம்" என்றார். அப்பாவிடம் இருக்கும் இரண்டு துண்டில் ஒன்று நோயுள்ளது, ஒன்று நல்லது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒன்றுதான் போகும். ஐம்பதை நெருங்கியும் நோயின் சாயலே இல்லாத அண்ணனுக்குப் போனது நல்ல துண்டாகத்தான் இருக்க வேண்டும். தங்கைக்கும் அதே வந்திருந்தால் அவள் தப்பித்தாள். ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்து நறுக்கி, பிலிமில் கோடு கோடாக விழவைத்து, கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவார்களாம். மூன்று மாதத்துக்கு முன்னால் முடிவு வந்தது. அண்ணன் கோடும் தங்கை கோடும் ஒன்று. நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பயமில்லை. அன்றைக்குத்தான் அவள் வயிற்றில் கைவைத்துப் பார்த்துக்கொண்டாள்.

இப்போது ஏழாம் மாதம். மெட்ராஸிலிருந்து அவள் புருஷன் இன்னும் வந்துசேரவில்லை. ஏழு மாதக்காரி பிணத்துக்குப் பக்கத்தில் இருக்கலாமா என்று யாரோ முனகினார்கள்.

"பெத்த அப்பனுக்கு இல்லாத சாங்கியம் என்ன சாங்கியம்? சும்மா இருங்கடி" என்று அப்பச்சியின் அக்கா, எழுபது தாண்டிய அயித்தை, ஒரே அதட்டில் அடக்கிவிட்டார்.

முத்தப்பனுக்கு மொட்டை போட்டு முடிக்கவும் கானாடுகாத்தான்காரர்கள் மாலையோடு வரவும் சரியாக இருந்தது. அவர்களில் ஒருவர் குனிந்து மாலை வைத்தார். பக்கத்தில் முத்தப்பன் குனிந்து அப்பச்சியின் வேட்டியைச் சரிசெய்தான். அவர் வழுக்கை, இவன் புதுமொட்டை. இரண்டு பின்னந்தலையும் ஒரே அச்சு. உச்சிக்குக் கீழே ஒரே இடத்தில் ஒரே பள்ளம். காதுகூட அதே போல விறைத்து நின்றது.

தேனம்மை இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரியாத சேதியா இது? அவர் முத்தப்பனோடு கூடப் பிறந்தவர். ஆத்தாளுக்கும் அப்பச்சிக்கும் வெகுகாலம் பிள்ளையில்லாமல், கானாடுகாத்தானில் தூரத்துப் பங்காளி வீட்டிலிருந்து பதினைந்து வயது முத்தப்பனைச் சுவீகாரமாகப் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்துத் தேனம்மை பிறந்தாள். அந்தச் சடங்கில் மஞ்சள் நீர் குடித்த அன்றிலிருந்து கோயிலில், பங்கில், பத்திரத்தில் அவன்தான் மகன். அவனைப் பிள்ளை வந்தவன் என்று இந்த வீட்டில் ஒருவர் வாய்தவறிக்கூடச் சொன்னதில்லை. பெங்களூரில் ஊசி குத்தும்போது அவனுடைய சட்டைக் கையை மடித்துவிட்டவளே தேனம்மைதான். அப்போதுகூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அந்த அளவுக்கு அவன் அண்ணனாக இருந்தான்.

எழுந்து உள்முற்றத்து வளவுக்குள் போய் ஆத்தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆத்தா சிட்டாள் ஆச்சி தூணில் தலையைச் சாய்த்து, அழுது ஓய்ந்திருந்தார்.

"ஆத்தா, பெங்களூர்ல அண்ணனைப் பத்தி என்ன சொன்னீக?"

"இப்ப எதுக்குடி அந்தப் பேச்சு?"

"சொல்லுங்க ஆத்தா."

"எத்தனை பிள்ளைன்னு கேட்டாக. ரெண்டுன்னேன்."

"பிள்ளை வந்தவுகன்னு சொல்லலையா?"

ஆச்சி நிமிர்ந்தார். சுற்றியிருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கொள்ளி வைக்கப் போறவன் வாசல்ல நிக்கிறான். இன்னைக்கா இதைக் கேப்பே? எனக்கு ரெண்டு பிள்ளைதான். என்னைக்கும் ரெண்டுதான்."

அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது! கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. ஆத்தா பொய் சொல்லவில்லை. அண்ணனும் சொல்லவில்லை. இத்தனை உண்மையான மனுஷர்கள் கூடிச் சொன்ன எண்பது, எவருக்குமே சொந்தமில்லாத எண்பது. தேனம்மை எழுந்து தூணோரம் நின்றாள். பயம் என்றால் அப்படி ஒரு பயம். அப்பச்சியின் நாக்கு வெளியே தள்ளித் தள்ளி இழுத்துக்கொண்ட அந்தக் கடைசி வருஷம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த இடத்தில் தான். பிறகு, பிறக்கப் போகிற இது. உள்ளே அது சாவகாசமாகப் புரண்டு படுத்தது.

"என்ன தேனு, இப்படி நடுங்குறே?"

முத்தப்பன்தான். நடுங்குகிறாய் என்ற சொல்லைக் கேட்டதும் பதறிப்போய்க் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். சொல்லக் கூடாது, இன்றைக்குச் சொல்லவே கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அண்ணே, நம்ம ரெண்டு பேர் ரத்தத்தையும் ஒப்பிட்டுத்தானே எனக்கு வராதுன்னாக."

"ஆமா."

"உங்களைச் சேத்துல்ல கணக்குப் போட்டுட்டாக."

அவன் விளங்காமல் பார்த்தான். பிறகு அவன் கண் வாசலில் நின்ற கானாடுகாத்தான்காரர் பக்கம் போய்த் திரும்பி வந்தது. வாயைத் திறந்தான். அதற்குள் சங்கு ஊதிவிட்டது. "முத்தப்பா, நேரமாச்சு, சட்டியை எடுப்பா" என்றது ஒரு குரல். அவன் போய்த் தீச்சட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

பெண்கள் வீடு கழுவிவிட்டார்கள். தேனம்மை பின்கட்டில் சுவரோரமாக உட்கார்ந்து, மடியில் கிடந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விரல் அசைந்தால், அது தானாக அசைந்ததா, அவள் அசைத்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. யாரோ காபி கொண்டுவந்தார்கள். டம்ளரைத் தொடப் பயந்து வேண்டாம் என்றாள்.

காட்டுக்குப் போனவர்கள் திரும்பிவந்து வெகுநேரம் கழித்து முத்தப்பன் மட்டும் தனியாக வந்தான். ஈர வேட்டி உடம்பிலேயே பாதி காய்ந்திருந்தது. நேரே வாசலுக்கு வராமல் பின்வாசல் பக்கமாகச் சுற்றி வந்து படிக்குக் கீழே நின்றான்.

"எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பேசிட்டு வாரேன்" என்றான்.

"இந்தக் கோலத்துலயா?"

"டாக்டரம்மாவே பேசுனாக."

"நீங்க என்ன சொன்னீக?"

"நான் பிள்ளை வந்தவன், ரத்தத்துல சேத்தி இல்லைன்னேன்." அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. "அவுகளுக்குச் சட்டுன்னு விளங்கலை. அப்ப நீங்க யார் மகன்னு கேட்டாக."

தேனம்மை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இப்பத்தான் எங்க அப்பச்சிக்குக் கொள்ளி வச்சுட்டு வாரேன்னேன்." ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கோடு பொருந்துனது தற்செயலாம். அந்தக் கணக்கு செல்லாதாம். அயித்தை ரத்தத்தை எடுத்து முதல்லேருந்து போடணுமாம். அப்படியும் தெளிவா வருமான்னு உறுதி சொல்ல முடியாதாம்."

"அப்ப, இப்போதைக்கு?"

"பழையபடிதான். பாதிக்குப் பாதி."

உள்ளே யாரோ துக்கம் கேட்க வந்திருந்தார்கள். ஆத்தா மறுபடி அழ ஆரம்பித்தார்.

"பயமா இருக்குண்ணே" என்றாள் தேனம்மை.

"எனக்கும்."

அவன் படியேறவில்லை. வெளியாள் போலக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். காட்டிலிருந்து வந்த மகனுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுக்க ஒருவரும் இந்தப் பக்கம் இல்லை.

தேனம்மை சுவரைப் பிடித்து எழுந்தாள். அண்டாவில் செம்பை விட்டாள்.

"நீ குனியாதே, தேனு. குடு, நான் ஊத்திக்கிறேன்."

அவள் கொடுக்கவில்லை. மேல்படியில் நின்றபடியே அவன் கால்களில் ஊற்றினாள். சாம்பலும் செம்மண்ணும் கரைந்து ஓடின. இன்னொரு செம்பு மொண்டாள். கால் எப்போதோ சுத்தமாகிவிட்டது. அவள் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவனும் காலை எடுக்காமல் நின்றான்.