பன்னிரண்டாவது குழி

அன்று எங்கள் நிலத்தில் இருந்தவர்கள் நால்வர்: நான், என் தம்பி, என் மருமகள், மண்ணின் வயதை அளக்கும் ஆய்வாளர் அம்மையார். வேறு யாரும் இல்லை.

அங்கே வட்டமாக நிற்கும் பதினொரு கற்களையும் நட்டவர் எங்கள் கொள்ளுத்தாத்தா என்பது நான்கு தலைமுறையாக எங்கள் வீட்டுப் பேச்சு. நானே மேடையேறிச் சொல்லியிருக்கிறேன்.

ஆறு மாதம் முன்பு அம்மையார் கறுப்புத் தார்ப்பாய்க்குள் புகுந்து, வெளிச்சம் படாமல் கற்களின் அடிமண்ணை இரும்புக் குழாயில் எடுத்துப் போயிருந்தார். அந்த மண் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று கணக்கிட முடியுமாம்; அதுதான் கல் நட்ட காலம். அன்று முடிவோடு வந்திருந்தார்.

"நாலாயிரம் வருஷம், ஐயா. முன்னப்பின்ன எரநூறு இருக்கலாம்."

"அண்ணே, நம்ம கொள்ளுத்தாத்தாவுக்கு ஆயுசு கெட்டிதான்!" என்றான் தம்பி.

நான் சிரிக்கவில்லை. அம்மையார் கல்லுக்குக் கல் நூல் கட்டி, ரசமட்டம் வைத்துக் காட்டினார். தரை முழங்கால் உயரம் சரிகிறது. கற்களின் தலைகள் விரற்கடைகூடச் சரியவில்லை. ஒவ்வொரு குழியையும் அதற்கேற்ற ஆழத்தில் தோண்டியிருக்கிறார்கள். எழுபது வருடம் அவற்றின் நடுவே நடந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. நட்டவர்கள் எந்த வீட்டாராக இருந்தாலும் கைகூப்பத் தக்கவர்கள்.

"பன்னெண்டாவதா ஒரு குழி இருக்கு. கல்லைத்தான் காணோம். மூடியிருக்கிற மண்ணு நூத்தைம்பது வருஷத்துப் பழசு. யாரோ புடுங்கியிருக்காங்க."

கல் எங்கே என்று அவர் கேட்கவில்லை. மருமகள் தரையைப் பார்த்தாள். தம்பி ஆகாயத்தைப் பார்த்தான். நூற்றைம்பது வருடத்துக்கு முன்புதான் கொள்ளுத்தாத்தா வீடு கட்டினார். அதன் வாசற்படி ஒரே கல்.

"வாயத் தொறக்காதீங்கண்ணே. மானம் போயிடும்," என்று தம்பி காதைக் கடித்தான்.

"தெரிஞ்சே மறைச்சாத்தான்டா போகும்," என்றேன். "அம்மா, வீட்டுக்கு வாங்க. படியில மட்டும் கால் வைக்காதீங்க."

மறுவாரம் கிரேன் வந்தது. படியின் மேல்பக்கம் எங்கள் குடும்பத்துக் கால்கள் தேய்த்த வழவழப்பு. ஒரு முனை மட்டும் மற்றக் கற்களின் அடியைப் போலவே கூம்பாகக் கொத்தப்பட்டிருந்தது. குழியில் இறக்கியதும் அதன் தலை நூலைத் தொட்டு நின்றது. மருமகள் "மாமா!" என்று கத்திவிட்டாள்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காலை எட்டி வைத்துத்தான் ஏற வேண்டும். அதிகாரிகள் வந்து கல்லைப் பறிமுதல் செய்தார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. கொடுத்தவன் நான். நூலின் ஒரு முனையைப் பிடித்தவனும் நான்.